சாம்பல் மேகமும் லாபக் கணக்கும்

எரிமலைச் சாம்பலுக்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன சம்பந்தம், அந்த இரண்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று ஆலைத் தோழர்களும் வயலில் உழைக்கும் தோழர்களும் கேட்கலாம். நம்மில் பெரும்பாலோர் விமானத்தை அண்ணாந்து பார்த்தவர்களே தவிர, ஏறியவர்கள் அல்ல. இருந்தாலும் நாம் கவனிக்க வேண்டிய கேள்வி ஒன்று இதில் இருக்கிறது. ஒரு யந்திரம் ஓடலாமா கூடாதா என்று தீர்மானிப்பது யார்? அது நிற்கும் நாட்களில் நஷ்டம் யார் தலையில் விழுகிறது? இந்தக் கேள்வி நூற்பாலையிலும் உண்டு; நெல் அரவை மில்லிலும் உண்டு; 37,000 அடி உயரத்திலும் உண்டு.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம்.

அடுப்புச் சாம்பல் வேறு, எரிமலைச் சாம்பல் வேறு. அடுப்புச் சாம்பல் விறகு எரிந்து மிஞ்சியது. மெத்தென்று இருக்கும், பாத்திரம் துலக்கலாம். எரிமலைச் சாம்பல் எதுவும் எரிந்து மிஞ்சியது அல்ல. பூமிக்குள் உருகிக் கிடக்கும் பாறைக் குழம்பு வெடித்துச் சிதறும்போது நொடியில் குளிர்ந்து பொடியாகிற கல்லும் கண்ணாடியும்தான் அது. கண்ணாடியை உரலில் போட்டு மாவாக இடித்தால் எப்படியோ அப்படி. துகள்கள் கூர்மையானவை, தண்ணீரில் கரையாதவை, நுண்ணியவை காற்றில் ஆயிரக்கணக்கான மைல் தூரம்கூட மிதந்து செல்லும்.

ஜெட் எஞ்சினோ காற்றைத் தின்று வாழும் யந்திரம். முன்புறம் காற்றை இழுக்கிறது. அடுக்கடுக்கான தகடுகளால் அதை நெருக்குகிறது. எண்ணெயைத் தெளித்து எரிக்கிறது. அதில் பிறக்கும் அனல்காற்றால் பின்னாலுள்ள சக்கரங்களைச் சுழற்றுகிறது. எரியும் அறையில் உஷ்ணம் 1,400 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குப் போகும். சாம்பலோ சுமார் 1,100 டிகிரியிலேயே உருகிவிடும். உருகியது, அடுத்துள்ள தகடுகளில் பட்டதும் ஒட்டிக்கொண்டு இறுகுகிறது. வெல்லம் காய்ச்சுகிற தோழர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கொப்பரையில் கொதிக்கும் பாகு, குளிர்ந்த இடத்தில் சிந்தினால் என்ன ஆகிறதோ அதுவே இங்கும் ஆகிறது. காற்று போகும் வழி அடைபடுகிறது. எஞ்சின் மூச்சுத் திணறுகிறது. தீ அணைந்து நின்றுவிடுகிறது.

இத்துடன் முடியவில்லை. முன்புறத் தகடுகளை அந்தச் சாம்பல் அரம் போல் அராவுகிறது. விமானியின் எதிரிலுள்ள கண்ணாடியைத் தேய்த்து மங்கலாக்குகிறது. வேகம் காட்டும் கருவிக்குக் காற்று செல்லும் குழாயை அடைக்கிறது. மழை மேகத்தைக் காட்டிக் கொடுக்கும் ராடார் இந்த நுண்ணிய உலர்ந்த தூளைக் காட்டுவதில்லை. இருட்டில் விமானிக்கு முன்னறிவிப்பே கிடையாது.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல, நடந்த சங்கதி. 1982 ஜூன் 24 இரவு, பிரிட்டிஷ் ஏர்வேஸ் கம்பெனியின் போயிங் 747 விமானம் ஒன்று கோலாலம்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜாவாத் தீவின் கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் அது நுழைந்தது. நான்கு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பிரயாணிகளும் பணியாளர்களுமாக 260-க்கு மேற்பட்டவர்கள் இருந்த அந்தப் பெரிய விமானம், 37,000 அடியிலிருந்து காற்றில் சறுக்கி இறங்கியது. சுமார் 13,000 அடிக்கு வந்தபோது எஞ்சின்கள் மறுபடி பற்றிக்கொண்டன. குளிர்ந்துபோன எஞ்சினில் ஒட்டியிருந்த கண்ணாடிப் பூச்சு வெடித்து உதிர்ந்தது. கீழே காற்றும் சுத்தமாக இருந்தது. உயிர் பிழைத்ததற்குக் காரணம் இதுவும், விமானிகள் கலங்காமல் வேலை செய்ததும்தான். ஜாகர்த்தாவில் இறங்கும்போது முன்கண்ணாடி வழியே ஓடுபாதை சரியாகத் தெரியவில்லை. அடுத்த மாதமே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றும் அதே எரிமலையின் சாம்பலில் மாட்டி, எஞ்சின்களை இழந்து, ஜாகர்த்தாவில் இறங்கியது.

1989 டிசம்பர் 15 அன்று அலாஸ்காவில், ரிடௌட் எரிமலையின் சாம்பலில் கே.எல்.எம். கம்பெனியின் விமானம் அகப்பட்டது. 231 பிரயாணிகள். இங்கும் நான்கு எஞ்சின்களும் நின்றன. 14,000 அடிக்கு மேல் கீழே இறங்கிய பிறகே அவை உயிர் பெற்றன. வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத புது விமானம் அது. பழுது பார்க்க ஆன செலவு சுமார் 8 கோடி டாலர்.

நிற்க. "இன்றுவரை சாம்பலால் விமானம் விழுந்து ஒருவரும் சாகவில்லையே, பின் ஏன் இத்தனை பயம்?" என்று வாதாடுவோர் உண்டு. பாய்லர் இன்னும் வெடிக்கவில்லை, ஆகையால் அடைப்பானைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லும் ஆலை முதலாளியின் வாதம் இதுதான். அந்த முதலாளி பாய்லருக்குப் பக்கத்தில் நிற்பதில்லை, நிற்பவன் தொழிலாளி.

இந்த வாதம் முழுப் பலத்தோடு கிளம்பியது 2010-ஆம் ஆண்டில். ஐஸ்லாந்தில் பனிப்பாறைக்கு அடியிலிருந்த எயாஃப்யாட்லயோகுட் எரிமலை ஏப்ரல் 14 அன்று பெரிதாக வெடித்தது. உருகிய பனிநீர் பாறைக் குழம்போடு கலந்து, சாம்பல் மிக நுண்ணிய பொடியாயிற்று. காற்று அதை ஐரோப்பாவின் மேல் கொண்டு வந்தது. மறுநாள் தொடங்கி ஆறு நாட்கள் அளவுக்கு ஐரோப்பிய வான்வெளியில் பெரும்பகுதி மூடப்பட்டது. சுமார் ஒரு லட்சம் விமானப் பிரயாணங்கள் ரத்தாயின. ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் அங்கங்கே தங்கிவிட்டனர். தங்களுக்கு 170 கோடி டாலர் வருமானம் போயிற்று என்று விமானக் கம்பெனிகளின் சங்கம் கணக்குச் சொன்னது.

உடனே கம்பெனிகள் கூக்குரல் எழுப்பின. "அதிகாரிகள் கம்ப்யூட்டர் படத்தைப் பார்த்து மிரளுகிறார்கள்" என்றன. தாங்களே சில விமானங்களைப் பறக்கவிட்டு, "பாருங்கள், ஒன்றும் ஆகவில்லை" என்றன. ஒருநாள் ஒருவழியில் ஒன்றும் ஆகவில்லை என்பது, எல்லா நாளும் எல்லா வழியிலும் ஆகாது என்பதற்குச் சாட்சியா? மறு ஆண்டு, ஐஸ்லாந்து, டென்மார்க் விஞ்ஞானிகள் அந்தச் சாம்பலை ஆராய்ந்து முடிவை வெளியிட்டனர். துகள்கள் கூர்மையாகவும் கடினமாகவும் இருந்தன, எஞ்சினில் உருகக்கூடியவையே, வான்வெளியை மூடியது சரியே என்றனர்.

ஆனால் கம்பெனிகள் சொன்னதில் ஓர் உண்மையும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. எவ்வளவு சாம்பல் வரை ஒரு எஞ்சின் தாங்கும் என்பதற்கு அதுவரை ஒப்புக்கொண்ட அளவே இல்லை. "சாம்பல் என்றால் ஒதுங்கு" என்பது ஒன்றே விதி. 2010 ஏப்ரல் 20-ந் தேதிதான் பிரிட்டனில் ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம் என்று எல்லை வகுத்தார்கள். மே மாதத்தில் சில நிபந்தனைகளோடு அதை 4 ஆக உயர்த்தினார்கள்.

நாம் கேட்கிறோம்: 1982-இல் நான்கு எஞ்சினும் நின்றது. 1989-இல் மறுபடியும் நின்றது. 2010 வரை 28 ஆண்டுகள் இந்த அளவை ஏன் கண்டுபிடிக்கவில்லை? இதற்கு எஞ்சின்களைச் சோதனைக்குக் கொடுத்துக் கெடுக்க வேண்டும், பணம் செலவாகும். லாபம் வராத சோதனைக்கு யார் பணம் போடுவார்? பின்னர் 2015-இல் அமெரிக்க சர்க்காரின் நாசாவும் விமானப்படையும் சேர்ந்து, ஓர் எஞ்சினுக்குள் எரிமலைச் சாம்பலை வேண்டுமென்றே செலுத்திப் பரிசோதித்தன.  செய்ய முடியாத காரியம் அல்ல என்பது இதனால் தெரிகிறது. விதி மிகவும் கண்டிப்பாக இருக்கிறது என்று குறை சொல்பவர்கள், அளவெடுக்கும் செலவை முன்பே ஏற்றிருக்க வேண்டாமா?

இனி நஷ்டக் கணக்கின் மறுபக்கத்தைப் பார்ப்போம். பத்திரிகைகள் கம்பெனிகளின் 170 கோடி டாலரைக் கொட்டை எழுத்தில் போட்டன. ஆப்பிரிக்காவில் கென்யாவின் நைவாஷா ஏரிக்கரையில் பெரிய ரோஜாத் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே பறித்த பூ விமானத்தில் ஹாலந்துக்கும் பிரிட்டனுக்கும் போகிறது. விமானம் நின்றது, பூ வாடியது, குப்பையில் கொட்டினார்கள். தினக்கூலிக்குப் பறித்தும் கட்டியும் வந்த ஆயிரக்கணக்கான ஆண்களையும் பெண்களையும் "வேலையில்லை, போ" என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களில் எத்தனை பேர் ஐஸ்லாந்து என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள்? எங்கோ ஒரு மலை வெடித்தது. இவர்கள் அடுப்பு அணைந்தது. மழை பெய்தால் கூலி இல்லை, மின்சாரம் போனால் கூலி இல்லை என்று கேட்டுப் பழகிய நமக்கு இந்தக் கதை புதிதல்ல.

அதே ஐரோப்பாவில், நடுவழியில் தங்கிய பிரயாணிக்கு உணவும் இருப்பிடமும் கம்பெனி தர வேண்டும் என்று சட்டம் இருந்தது. எரிமலை எங்கள் குற்றமா என்று ஒரு கம்பெனி வழக்காடியது. எரிமலையானாலும் அந்தக் கடமை தீராது என்று 2013-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மிகவும் நியாயம். ஆனால் டிக்கெட் வாங்கியவனுக்கு இருக்கிற இந்தப் பாதுகாப்பு, அந்த விமானத்தை நம்பிப் பூப்பறித்த கூலிக்காரிக்கு ஏன் இல்லை?

இது நம்மைத் தொடாத விஷயமும் அல்ல. 2025 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியாவில் ஹெய்லி குப்பி என்ற எரிமலை வெடித்தது. அந்தச் சாம்பல் செங்கடலையும் அரபிக்கடலையும் கடந்து, மறுநாளே வட இந்தியாவின் வான்வெளிக்கு வந்தது. விமானக் கம்பெனிகள் சில பிரயாணங்களை ரத்து செய்தன. சாம்பல் வழியே வந்திருக்கக்கூடிய விமானங்களைப் பரிசோதித்தன. எரிமலை அருகேயுள்ள கிராமங்களிலோ மேய்ச்சல் நிலத்தைச் சாம்பல் மூடிக் கால்நடைகளுக்குத் தீவனம் இல்லாமற் போயிற்று. நம் நாட்டிலும் அந்தமானில் பாரன் தீவு எரிமலை உயிரோடு இருக்கிறது. உலகத்து வான்வெளியைப் பங்கிட்டு ஒன்பது மையங்கள் சாம்பல் மேகங்களைக் கண்காணித்து விமானிகளுக்கு எச்சரிக்கை அனுப்புகின்றன. சர்க்கார்கள் ஒன்றுகூடிச் செய்யும் நல்ல ஏற்பாடு இது. இதைக் காப்பாற்ற வேண்டும், பலப்படுத்த வேண்டும்.

நமது கருத்து இதுதான். பறப்பதா நிற்பதா என்ற முடிவு, நின்றால் பணம் இழப்பவர் கையில் இருக்கக் கூடாது. அது விஞ்ஞானிகள் கையிலும், மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட அதிகாரிகள் கையிலும் இருக்க வேண்டும். சாம்பலைக் கண்டு திரும்பிய விமானியையும், எஞ்சினைத் திறந்து பார்த்து "இது பறக்காது" என்று சொல்லும் மெக்கானிக்கையும் எந்தக் கம்பெனியும் தண்டிக்கக் கூடாது. எஞ்சின் தாங்கும் அளவைச் சோதிக்கும் செலவில் எஞ்சின் செய்து விற்கிற கம்பெனிகள் பங்கு தர வேண்டும். பாதுகாப்புக்காக வேலை நிற்கும் நாட்களில், அந்த வேலையை நம்பிய கடைசித் தினக்கூலிக்காரர் வரை கூலி உண்டு என்று சட்டத்தில் எழுத வேண்டும்.

யந்திரத்தை நிறுத்தினால் கூலி போகும் என்ற பயம் இருக்கும்வரை, அபாயத்தைக் கண்ட தொழிலாளியும் வாய் திறக்கத் தயங்குவான். அந்தப் பயத்தைப் போக்காமல் எந்தப் பாதுகாப்பு விதியும் முழுதாக வேலை செய்யாது. ஆலைச் சங்கத்திலும் விவசாயத் தொழிலாளர் சங்கத்திலும் அடுத்த கூட்டத்தில் தோழர்கள் இதை எடுத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.