இரு முதியவர்களும் இரு பொய்கைகளும்

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் செல்லும் பெருவழியில், ஏறத்தாழ 13 கி.மீ. தொலைவில் பாலுசெட்டி சத்திரம் வருகிறது. அங்கிருந்து சிறிது தூரம் உள்ளே சென்றால் திருப்புட்குழி. தொண்டை நாட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்று. திருமங்கையாழ்வாரின் மங்களாசாசனம் பெற்றது. 'புள்' என்றால் பறவை. பறவைக்கு ஈமக்குழி அமைந்த தலமாதலின் புட்குழி ஆயிற்று என்பர் பெரியோர். அந்தப் பறவை, ஜடாயு. அங்குள்ள திருக்குளத்துக்கு ஜடாயு தீர்த்தம் என்று பெயர்.

குளம் பெரியதன்று. ஆயினும் அதன் கரையில் நிற்கும் முதியவர் எவருக்கும் நெஞ்சில் ஒரு கேள்வி எழாமற் போகாது. 'எனக்கு யார் எள்ளும் தண்ணீரும் இறைப்பார்?' பிள்ளைகள் கடல் கடந்து வாழும் இக்காலத்தில், வாய்விட்டுச் சொல்லாமல் பலர் மனத்துள் வைத்துப் புழுங்கும் கேள்வி அது. அந்தக் கேள்விக்குத் திருப்புட்குழி ஒரு விடை வைத்திருக்கிறது.

ஜடாயு இளமை மிடுக்கில் இராவணனை எதிர்த்தவன் அல்லன். 'நான் முதியவன், நீயோ இளையவன், வில்லும் தேரும் உடையவன்' என்று இராவணனிடமே ஒப்புக்கொண்டு, அதன்பின் போரில் இறங்கியவன் என்று வான்மீகி காட்டுகிறார். தன் வயது அறுபதினாயிரம் ஆண்டுகள் என்றும் அவன் கூறுகிறான். தோற்போம் என்ற ஐயம் அவனுக்கு இல்லாமலா இருந்திருக்கும்? கண்ணெதிரே ஒரு பெண் கதறும்போது, 'எனக்கு வயதாகிவிட்டது' என்று சிறகை மடக்கிக்கொண்டு மரக்கிளையில் அமர்ந்திருக்க அவனால் இயலவில்லை. சிறகுகள் வெட்டுண்டன. ஆனால் உயிரை மட்டும் பிடித்து வைத்திருந்தான். இராமனிடம் ஒரு சொல் சொல்ல வேண்டியிருந்தது. சீதையைக் கவர்ந்தவன் யார், எத்திசையில் சென்றான் என்று சொல்லிய பின்னரே அவன் ஆவி பிரிந்தது.

இராமன் என்ன செய்தான்? தயரதன் மறைந்தபோது அவன் அயோத்தியில் இல்லை. தந்தையின் சிதைக்குத் தீ மூட்டியவன் பரதன். சித்திரகூடத்தில் செய்தியறிந்து மந்தாகினியில் இறங்கி நீர்க்கடன் செய்யவும், வனத்தில் கிடைத்த இங்குதிப் பிண்ணாக்கைப் பிண்டமாக இடவுமே இராமனுக்கு வாய்த்தது. தந்தைக்குச் செய்ய இயலாத தகனக் கிரியையைத் தந்தையின் தோழனான கழுகரசனுக்குத் தன் கையாலேயே செய்தான். பெற்ற பிள்ளை செய்யும் முறைப்படி விறகடுக்கித் தீ மூட்டினான், பிண்டமிட்டான், நீர்க்கடன் தந்தான். குலமும் இனமும் அங்கே குறுக்கிடவில்லை. நன்றி ஒன்றே உறவாக நின்றது.

இதனையே திருப்புட்குழியில் விஜயராகவப் பெருமாள் இன்றும் சேவை சாதிக்கிறார். வீற்றிருந்த திருக்கோலம், ஜடாயுவைத் தம்மோடு ஏந்தியிருக்கும் பாவனை. வழக்கமாகப் பெருமாளின் வலப்புறம் எழுந்தருளும் ஸ்ரீதேவி இங்கு இடப்புறத்திலும், பூதேவி வலப்புறத்திலும் இருக்கக் காணலாம். சிதைத்தீயின் வெம்மை தாங்காமல் பிராட்டி இடம் மாறினாள் என்பது ஐதிகம். ஈமக் கடன் செய்யும் கோலத்தையே அர்ச்சையாக அமைத்து வழிபடும் தலங்கள் மிக அரியன. கோயிலுக்கு வெளியே ஜடாயுவுக்கும் சந்நிதி உண்டு.

ஜடாயு வீழ்ந்த இடம் தங்கள் ஊரே என்று கூறும் தலங்கள் இன்னும் பல. புள்ளிருக்குவேளூர் எனப்படும் வைத்தீசுவரன் கோயிலில் ஜடாயு குண்டம் இருக்கிறது. கும்பகோணத்தை அடுத்த திருப்புள்ளபூதங்குடியும், ஆந்திரத்து லேபாட்சியும், கேரளத்துச் சடயமங்கலமும் அந்தப் பெருமையைக் கொண்டாடுகின்றன. இதில் எது மெய் என்று வழக்காடுவதில் பயனில்லை. ஒரு பறவையின் ஈமக் கடனுக்கு இத்தனை ஊர்கள் உரிமை கோருகின்றன; அதுவே எண்ணி மகிழத்தக்கது. பிறருக்காக உயிர் கொடுத்தவனுக்கு உறவினர் பஞ்சம் ஏற்படுவதே இல்லை.

இக்குளத்து நீருக்கு மற்றொரு மகிமையும் உண்டு. மரகதவல்லித் தாயாரை வேண்டும் பெண்கள், வறுத்த பயற்றைத் தீர்த்தத்தில் நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவு உறங்குவர். வறுத்த பயறு மறுநாள் முளைவிட்டிருந்தால் மகப்பேறு கிட்டும் என்பது நம்பிக்கை. ஒருபுறம் பிரிந்தவருக்கு நீர். மறுபுறம் பிறக்கவிருப்பவருக்கு நீர். இரண்டுக்கும் குளம் ஒன்றே.

1017-ஆம் ஆண்டு அவதரித்த இராமாநுசர், யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டதும் இவ்வூரில்தான் என்று குருபரம்பரை வழிவந்தோர் கூறுவர். சாந்தோக்கிய உபநிடதத்தில் பரம்பொருளின் திருக்கண்களுக்குக் கூறப்படும் உவமையை ஆசிரியர் தகாத பொருளில் விளக்கக் கேட்டு, அவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மாணவரின் கண்ணீர் அவர் தொடையில் சுடச்சுட விழுந்ததாம். பின்னர் அவ்வுவமைக்கு இராமாநுசர் கண்ட பொருள், ஆழ்ந்த நீரில் தோன்றிக் கதிரவனின் கிரணம் பட்டு மலர்ந்த தாமரை என்பது. நீரும் தாமரையும் இல்லாத ஊரில் அந்த விளக்கம் இத்துணை எளிதில் உள்ளத்தில் படியுமா?

ஜடாயுவுக்குக் கடன் கழித்த இராமனின் பயணம் மற்றொரு நீர்நிலையில் சென்று நிற்கிறது. அதுதான் பம்பை. கர்நாடக மாநிலம் கொப்பள் மாவட்டத்தில், துங்கபத்திரையின் வடகரையில், ஆனேகுந்திக்கு அருகே அச்சிறு நன்னீர்ப் பொய்கை இன்றும் இருக்கிறது. ஆற்றின் தென்கரையில் ஹம்பி. மானசம், பிந்து, நாராயணம், புஷ்கரம் ஆகியவற்றோடு பம்பையும் சேர்ந்து பஞ்ச சரோவரங்கள் எனப் போற்றப்படும். சுற்றிலும் தக்காணத்து மேட்டு நிலம். வெயிலிலும் மழையிலும் வெடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல் நிற்கும் கருங்கற் குன்றுகள். அவற்றினிடையே தாமரை பூக்கும் பொய்கை. கரையில் இலக்குமிக்கும் சிவபெருமானுக்கும் கோயில்கள். அண்மையில் சபரியின் குகை என்று காட்டப்படும் இடம். அனுமன் பிறந்ததாகக் கூறப்படும் அஞ்சனாத்திரியும் தொலைவில் இல்லை.

சபரியும் முதியவளே. மதங்க முனிவரின் ஆசிரமத்தில் பணிவிடை செய்து, குருமார்கள் விண்ணுலகு சென்ற பின்னரும் ஒருவன் வருவான் என்ற சொல்லை நம்பித் தனித்திருந்தவள். உடன் உறவு இல்லை. பேச்சுத் துணை இல்லை. காட்டில் கிடைத்தவற்றைச் சேர்த்து வைத்து நாளும் வழி பார்த்தாள். வந்தான் இராமன். அவளும் நற்கதி அடைந்தாள். ஒரு முதியவன் போரிட்டுப் பேறு பெற்றான். ஒரு முதியவள் காத்திருந்து பேறு பெற்றாள். முதுமையில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பார்க்கு இவ்விருவருமே விடை.

பம்பையின் கரையில் இராமனின் துயரம் தணிந்துவிடவில்லை. வசந்த காலத்தில் பூத்துக் குலுங்கிய அப்பொய்கை, சீதையின் பிரிவை மேலும் மூட்டிற்று என்கிறது கிட்கிந்தா காண்டத்தின் தொடக்கம். ஆனால் அந்தக் கரையை அடுத்த மலையிலிருந்துதான் துறவி வேடத்தில் அனுமன் இறங்கி வருகிறான். கடமையைச் செய்து முடித்தவனுக்குத் துயரத்தின் நடுவிலேயே துணை வந்து சேர்கிறது.

இவ்விரு பொய்கைகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. குன்றுகள் சூழ்ந்த இடத்தில் மழைநீரைப் பாறை உறிஞ்சுவதில்லை. நீர் சரிந்து வந்து தாழ்நிலத்தில் தானே தேங்கும். காஞ்சிச் சமவெளியில் அப்படியன்று. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் தருவதை வரத்துக்கால் வழியாகக் குளத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கால்வாய் தூர்ந்தால் குளம் வறளும். இதை உணர்ந்தே முன்னோர் நீரைக் காப்பதைப் பதவியாகவும் பொறுப்பாகவும் வைத்தனர். இதே மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு அறுவர் தேர்ந்தெடுக்கப்பட்டதைக் கூறுகின்றன. ஓராண்டுக்கு மட்டுமே அப்பொறுப்பு. அடுத்த ஆண்டு வேறு கைகளுக்குச் செல்லும்.

நீத்தார் கடனும் அத்தகையதே. சில வீடுகளில் அது மலைப்பொய்கை நீர்போல் தானே வந்து சேரும். சில வீடுகளில் அன்பும் நன்றியும் கால்வாய் வெட்டிக் கொண்டுவர வேண்டும். உடன்பிறந்தார் மகன், பக்கத்து வீட்டுப் பிள்ளை, பல ஆண்டு உதவிய மாணவன் எவராயினும் நன்றியோடு செய்தால் அது கடனே. இராமன் காட்டிய வழி அது.

திருப்புட்குழிக்குச் செல்லும் அன்பர்கள், முன்னோரை நினைத்து எள்ளும் நீரும் விடும்போது ஜடாயுவுக்கும் ஒரு கை நீரை மனத்தால் சேர்த்து விடலாம். பழந்துணியையும் நெகிழிப் பையையும் எந்தத் தீர்த்தத்திலும் விட்டு வராதிருப்பது அதனினும் மேலான கைங்கரியம். தம் ஊர்க் குளத்துக்கு எவ்வழியே நீர் வந்தது என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்று முதியவர்களே. அதனைப் பேரப்பிள்ளைகளுக்குக் கைகாட்டிச் சொல்லலாம். ஜடாயு தன் கடைசி மூச்சை அடக்கி வைத்திருந்ததும் வழி சொல்வதற்காகத்தான்.