தொடரின் நீளமும் முடிவின் உரிமையும்

தொலைக்காட்சித் தொடரொன்று எத்தனை அங்கங்களைக் கொண்டிருத்தல் வேண்டும் என்ற வினாவுக்கு ஓர் எண்ணையே விடையாகக் கூறிவிடும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. பருவமொன்றுக்கு 8 அங்கங்கள் போதும் என்பர் ஒரு சாரார். 10 என்பர் பிறிதொரு சாரார். ஆண்டுதோறும் 22 அங்கங்கள் வெளிவந்த பழைய அமெரிக்க முறையை எண்ணி ஏங்குவோரும் உளர். இவர்கள் யாவரும் தத்தம் எண்ணைக் கலையின் விதியாகவே கருதி வாதிடுகின்றனர். ஆயின், இவ்வெண்களுள் ஒன்றேனும் கதையின் தேவையிலிருந்து பிறந்ததன்று. அனைத்தும் விற்பனையாளரின் கணக்கேட்டிலிருந்து வந்தவை. கணக்கேட்டின் எண்ணை அழகியல் அளவுகோலாகக் கொள்ளும் விமர்சனம், தான் எதனை அளக்கின்றது என்பதையே அறியாத விமர்சனமாகும்.

அமெரிக்காவின் அனுபவத்தை முதலில் நோக்குதல் பொருத்தமானது. 1950களில் அங்கு ஒரு பருவம் பெரும்பாலும் 39 அங்கங்களைக் கொண்டிருந்தது. எஞ்சிய 13 வாரங்களை மறு ஒளிபரப்பால் நிரப்பினால் ஆண்டின் 52 வாரங்களும் நிறைந்துவிடும். கதை எங்கே முடிகின்றது என்பதன்று, நாட்காட்டி எங்கே முடிகின்றது என்பதே அங்குக் கேள்வியாயிருந்தது. 1955இல் தொடங்கி 1975இல் முடிந்த ‘கன்ஸ்மோக்’ என்னும் மேற்குப்புறக் கதைத்தொடர் 635 அங்கங்கள் ஓடியது இம்மரபின் விளைவே. பின்னர் தயாரிப்புச் செலவு உயர, பருவத்தின் அளவு 22 என்ற அளவுக்குக் குறைந்தது. ஆனால் அப்பொழுது வேறோர் எண் ஆட்சிக்கு வந்தது. அது 100.

இந்த 100 என்ற எண்ணின் இரகசியம் எளியது. தயாரிப்பு நிறுவனம் ஒவ்வோர் அங்கத்தையும் ஒளிபரப்பு வலையமைப்புக்கு அடக்கவிலையிலும் குறைந்த தொகைக்கே பொதுவாக விற்றது. அந்த நட்டத்தை ஈடுசெய்யும் வழி, உள்ளூர் நிலையங்களுக்கு மறு ஒளிபரப்பு உரிமையை விற்பதாகும். அந்நிலையங்கள் வாரத்துக்கு ஐந்து நாள் ஒளிபரப்புவன. 100 அங்கங்கள் இருப்பின் 20 வாரங்களுக்கு ஒன்றை மீண்டும் காட்டவேண்டியதில்லை. எனவே நூறை எட்டுமுன் முடியும் தொடர் நட்டம். நூறைக் கடந்த பின்னரோ, ஒவ்வோர் அங்கமும் மேலதிக இலாபம். முன்னைய நிலையில் முடிப்பதற்கு அனுமதி இல்லை. பின்னைய நிலையில் முடிப்பதற்குக் காரணம் இல்லை. கதையிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை.

இதன் விளைவுகள் சில நகைப்புக்கிடமானவை. கொரியப் போர் 1950 முதல் 1953 வரை மூன்றாண்டுகள் நடைபெற்றது. அப்போர்க்களத்து மருத்துவமனை ஒன்றைக் காட்டிய ‘மாஷ்’ தொடரோ 1972 முதல் 1983 வரை பதினொரு பருவங்கள் நடைபெற்றது. அது மோசமான தொடர் என்பதன்று. அதன் நகைச்சுவை போரின் அபத்தத்தை எள்ளி நகையாடிய சிறப்பு வாய்ந்தது. ஆயினும் போரைக் காட்டிலும் போரைப் பற்றிய கதை மூன்று மடங்குக்கும் மேலாக நீளுமாயின் அங்கே காலம் என்பது என்னவாகின்றது?

‘ருவின் பீக்ஸ்’ தொடருக்கு நேர்ந்தது இதனிலும் கொடியது. டேவிட் லிஞ்ச், மார்க் ஃபுரொஸ்ற் ஆகிய இருவரும் படைத்த அத்தொடர் 1990இல் 8 அங்கங்கள் கொண்ட ஒரு பருவமாக வெளிவந்து பெருங் கவனத்தைப் பெற்றது. இளம்பெண் ஒருத்தியைக் கொன்றவர் யார் என்ற வினாவே அதன் உயிர். வெற்றி கண்ட வலையமைப்பு 22 அங்கங்கள் கொண்ட இரண்டாம் பருவத்துக்கு ஆணையிட்டது. அதே வேளை, வினாவுக்கு விரைந்து விடை கூறுமாறும் வற்புறுத்தியது. நீட்டு என்றவரும் முடி என்றவரும் ஒருவரே. பருவத்தின் நடுப்பகுதிக்கு முன்னரே கொலையாளி வெளிப்பட்டான். எஞ்சிய அங்கங்கள் உயிர்நீத்த உடலைப் போல இழுபட, 1991இல் தொடர் நிறுத்தப்பட்டது.

இவ்விடத்தில் பிரித்தானியாவை உதாரணங் காட்டுவது வழமை. ஜோன் கிளீஸும் கொனி பூத்தும் இணைந்தெழுதிய ‘ஃபோல்ரி ரவர்ஸ்’ 1975இல் 6 அங்கங்களும் 1979இல் 6 அங்கங்களுமாக 12 அங்கங்களோடு நின்றது. இதனை ஆங்கிலேயரின் பிறவிக்குணமான அடக்கம் என்று வியப்போர், அதே நாட்டில் 1960இல் தொடங்கிய ‘கொரனேஷன் ஸ்றீற்’ இன்றுவரை முடியவில்லை என்பதை மறந்துவிடுகின்றனர். அடக்கத்துக்குக் காரணம் குணமன்று, பொருளாதாரம். பி.பி.சி. அனுமதிப்பத்திரக் கட்டணத்தில் இயங்குவது. நூறு அங்கங்களைச் சேர்த்து விற்றாற்றான் முதல் மீளும் என்ற நெருக்கடி அதற்கு இருக்கவில்லை. அன்றியும், எழுத்தாளர் பலர் கூடியெழுதும் அமெரிக்கக் கூடம் போலன்றி, அங்கு ஒருவரோ இருவரோ முழுவதையும் எழுதினர். இருவர் கையால் ஆண்டுக்கு 22 அங்கங்கள் எழுதுதல் அரிது.

அவ்வாறாயின் வணிகன் வகுத்த எண் எப்பொழுதும் கேடு விளைவிப்பதா? அல்ல என்பதற்கு டிக்கின்ஸ் சான்று. 1836இல் தொடங்கி 1837இல் நிறைவெய்திய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ மாதந்தோறும் ஒரு பகுதியாக வெளிவந்தது. இருபது பகுதிகள், இறுதி இரண்டும் ஒன்றாய் இணைய 19 மாதங்கள் என்ற அந்த வடிவத்தையே அவர் தம் பிற்காலப் பெருநாவல்கள் பலவற்றிலும் கைக்கொண்டார். இது பதிப்பாளரின் கணக்குத்தான். ஆயினும் அவ்வெண் முன்கூட்டியே தெரிந்த எண். எழுதுபவர் எங்கே நிற்கின்றார், இன்னும் எவ்வளவு தூரம் உண்டு என்பதை அறிந்தே எழுதினார். தென்கொரியத் தொடர்களுள் பல வாரத்துக்கு இரண்டாக எட்டு வாரங்களில் 16 அங்கங்களோடு நிறைவுறுவதும் இத்தகையதே. கேடு எண்ணின் சிறுமையிலோ பெருமையிலோ இல்லை. எண்ணே இல்லாமையில் உள்ளது.

2004இல் தொடங்கிய ‘லொஸ்ற்’ இதற்கு எதிர்மறையாகவும் உடன்பாடாகவும் ஒரே வேளையில் சான்று பகர்கின்றது. தீவொன்றில் வீழ்ந்த விமானத்தின் பயணிகளைப் பற்றிய அக்கதை எப்பொழுது முடியும் என்பதை அதன் படைப்பாளிகளே அறியாதிருந்தனர். மூன்றாம் பருவத்தில் அது கால் தேய நடந்தது. கதாநாயகன் உடலிற் பச்சை குத்திய வரலாற்றுக்கே ஓர் அங்கம் ஒதுக்கப்பட்டமை அந்த வறுமையின் அடையாளம். 2007இல், 2010ஆம் ஆண்டில் தொடர் முடியும் என்று அறிவிக்கப்பட்டது. அதன் பின்னரே கதை மீண்டும் நிமிர்ந்து நடந்தது. அதன் இறுதி அங்கம் பற்றிய கருத்து வேறுபாடு தனியான விடயம்.

பார்வையாளர் விரும்புகின்றனர், ஆதலால் நீடிக்கின்றோம் என்பது நீட்டுவோரின் வாதம். ‘த ஒபிஸ்’ என்ற ஒரே கருவை இரு நாடுகள் கையாண்ட விதம் இதனைச் சோதிக்க உதவும். பிரித்தானியத் தொடர் 2001 முதல் 2003 வரை 12 அங்கங்களும் நத்தார்ச் சிறப்பு அங்கங்கள் இரண்டுமாக முடிந்தது. அமெரிக்கத் தொடர் 2005 முதல் 2013 வரை 201 அங்கங்கள் ஓடியது. நீண்டதில் பயனே இல்லை என்பது நேர்மையாகாது. பிரித்தானியத் தொடரிற் பெயரளவில் நின்ற சிறு பாத்திரங்களுக்கு ஒத்த அலுவலர்கள் அமெரிக்கத் தொடரில் முழு மனிதராக வளர்ந்தனர். ஆனால் 2011இல் மையப் பாத்திரமான முகாமையாளர் விடைபெற்றார். அவருடன் கதையும் விடைபெற்றது. அதன் பின்னரும் இரு பருவங்கள் அலுவலகம் மட்டும் திறந்திருந்தது. பார்வையாளர் அங்கு நாடியது கதையையன்று, பழகிய முகங்களின் கூட்டுறவை. அவ்வாசை இழிந்ததன்று. முடிவற்ற குடும்பத் தொடர்கள் அவ்வாசையை ஒளிவு மறைவின்றி நிறைவேற்றுகின்றன. 2003 முதல் 2009 வரை சன் தொலைக்காட்சியில் 1,533 அங்கங்கள் ஓடிய ‘கோலங்கள்’ தமிழ் வீடுகளில் அவ்வாறே வரவேற்கப்பட்டது. ஆனால் முடிவை வாக்களித்துத் தொடங்கிய கதையை முடிவற்றதாக்குவது வேறு. அது வாக்குத் தவறுதல்.

எனவே கோரப்பட வேண்டியது எண்ணன்று, முடிவின் மீதான உரிமை. ஒரே வினாவைத் தாங்கிய கதை ஒரு பருவத்துள் அடங்குதல் வேண்டும். ஒரு மனிதனின் வீழ்ச்சியோ ஒரு நகரத்தின் சீர்கேடோ பொருளாயின் ஐந்து பருவங்களும் மிகையல்ல. போல்ற்றிமோர் நகரின் போதை வாணிகம், துறைமுகம், அரசியல், பள்ளிக்கூடம், பத்திரிகை என்று பருவத்துக்கொரு களமாக விரிந்த ‘த வயர்’ 60 அங்கங்களைக் கொண்டது. பத்தே அங்கங்களாகச் சுருங்கிய அதன் இறுதிப் பருவத்தில் அவசரந் தெரிகின்றது. நெடுமை மட்டுமன்றிக் குறுமையும் குறையாகலாம் என்பதற்கு அது சான்று. ‘பிரேக்கிங் பாட்’ 2008 முதல் 2013 வரை 62 அங்கங்களில் முடிந்தது. இறுதி 16 அங்கங்களுக்கு 2011இலேயே உடன்பாடு காணப்பட்டமையாற்றான் அதன் வீழ்ச்சி படிப்படியாக அமைந்தது.

இனி 8 அங்கங்களைப் போற்றுவோரிடம் வருவோம். இணையவழி நிறுவனங்கள் வணிகக் கட்டிலிருந்து கலையை விடுவித்துவிட்டன என்பது அவர்தம் நம்பிக்கை. சந்தாப்பணத்தில் வாழும் நிறுவனத்துக்குப் புதிய பெயர்தான் புதிய சந்தாதாரரைக் கொணரும். பழைய தொடரோ பருவந்தோறும் ஊதியம் ஏறிச் செலவு மிகுவது. ஆகவே பருவம் குறுகிற்று. இரண்டொரு பருவத்தில் முடிவின்றி வெட்டப்படும் தொடர்களும் மலிந்தன. வெட்டப்படாதவற்றின் நிலையோ விசித்திரமானது. நெட்பிளிக்ஸின் ‘ஸ்ரேஞ்சர் திங்ஸ்’ 2016 முதல் 2025 வரை ஏறத்தாழப் பத்தாண்டுகளில் 42 அங்கங்களே வெளியிட்டது. பழைய முறையில் அது இரண்டு பருவங்களுக்குங் காணாது. கதையிற் சிறுவர் நான்கைந்து ஆண்டே வளர, நடித்த சிறுவர் முழு வளர்ச்சியடைந்த ஆடவரும் மகளிருமாயினர். இங்கும் முடிவைத் தீர்மானித்தது கதையன்று.

இக் குறுமையின் விலையைச் செலுத்தியோர் எழுத்தாளர். 22 அங்கங்கள் இருந்த காலத்தில் ஆண்டின் பெரும்பகுதிக்கு வேலை இருந்தது. இளம் எழுத்தாளர் படப்பிடிப்புத் தளத்தில் நின்று தொழில் பயின்றனர். 8 அங்கங்களுக்குச் சில வாரங்களே வேலை. மறு ஒளிபரப்பு இல்லாததால் அதனூடாக வந்த பங்குப்பணமும் தேய்ந்தது. 2023ஆம் ஆண்டு மே 2ஆந் திகதி அமெரிக்க எழுத்தாளர் சங்கம் தொடங்கிய வேலைநிறுத்தம் 148 நாட்கள் நீடித்தமைக்கு இதுவும் ஒரு முக்கிய காரணம். முடிவில் எய்திய ஒப்பந்தத்தில், ஒருவரே முழுவதையும் எழுதும் தொடர்கள் நீங்கலாக, பருவமொன்றின் அங்கங்கள் 6 வரையாயின் குறைந்தது 3 எழுத்தாளர், 7 முதல் 12 வரையாயின் 5 பேர், 13 அல்லது அதற்கு மேலாயின் 6 பேர் அமர்த்தப்படவேண்டும் என்று விதிக்கப்பட்டது. தொடர் எங்கே முடியவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவ்வொப்பந்தத்திலும் எழுத்தாளருக்குக் கிட்டவில்லை.