காணும் பொங்கல் ஒரு நாள் போதுமா?

காணும் பொங்கலன்று துறைமுகக் கடற்கரைப் பக்கமும் முயல் தீவுப் பக்கமும் போனவர்கள் பார்த்திருப்பார்கள். கட்டுச்சோறு, பாய், தண்ணீர்க் குடம் சகிதம் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து இறங்குகிறார்கள். பிள்ளைகள் அலையை விட்டு வர மறுக்கிறார்கள். பெரியவர்கள் நிழல் பார்த்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நம் வணிகர் குடும்பங்களும் நிறைய உண்டு. காரணம், அன்று கடை இல்லை. மற்ற நாட்களில் அதே கடற்கரையில் நம்மவர்களைத் தேடிப் பிடிப்பது கடினம். கூப்பிடு தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு ஆண்டுக்கு ஒரு முறை அதைப் பார்த்து வருகிறோம்.

வியாபாரியின் வீட்டில் இதைச் சொன்னால் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, செலவு. மற்றொன்று, "கடையை யார் பார்ப்பது அண்ணாச்சி?" என்பது. முதல் பதிலை நாம் ஏற்கவில்லை. இரண்டாவது பதிலைத் தட்டிக்கழிக்க முடியாது. அதைப் பற்றித்தான் சங்கம் யோசிக்க வேண்டும்.

செலவு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஐந்து பேர் உள்ள குடும்பம் சினிமாவுக்குப் போனால் டிக்கெட்டை விடப் பாப்கார்னுக்கு அதிகம் கொடுக்க வேண்டியிருக்கிறது. மதுரைக்குப் போய் மால் சுற்றி வந்தால் கேட்கவே வேண்டாம். நம் ஊரிலோ ரோச் பூங்காவும் முத்துநகர் கடற்கரையும் மாலையில் காற்று வாங்க இருக்கின்றன. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போனால் திரும்பும்போது வாங்கும் மக்ரூன்தான் அன்றைய பெரிய செலவாக இருக்கும்.

பணம் கொடுத்தாலும் வேறு ஊரில் கிடைக்காத காட்சிகள் இங்கே இருப்பதை நாம் மறந்துவிட்டோம். மீன்பிடித் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாலையில் புறப்படும் விசைப்படகுகள் அன்று இரவே திரும்புவது இங்குள்ள வழக்கம். படகு கரை சேர்ந்ததும் தரம் பிரித்து, ஐஸ் போட்டு, ஏலம் கூறி முடிப்பதற்குள் எத்தனை கணக்கு நடக்கிறது! விலையை எங்கே நிறுத்துவது, எதை விட்டுக்கொடுப்பது என்பதைப் பத்து வயதுப் பையன் அங்கே அரை மணி நேரத்தில் கண்ணால் பார்த்துவிடுவான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அப்போது ஏலம் இல்லாவிட்டாலும் படகுகள் வரிசையாக நிற்பதையும் வலை பின்னுவதையும் மராமத்து வேலையையும் பார்க்கலாம். வேலை செய்கிறவர்களுக்கு இடைஞ்சலாக நிற்காமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் தோணிகளை நம்மில் சிலர் தொழில் நிமித்தம் அடிக்கடி பார்க்கிறோம். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? வெங்காயமும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் மரக்கலத்தில் கடல் தாண்டிப் போகின்றன என்று சொன்னால் கதை என்று நினைக்கிறார்கள். திரேஸ்புரத்தில் சங்கு குளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முத்துக்குளிப்புதான் 1961-க்குப் பின் பழங்கதையாகிவிட்டது. இந்தச் செய்திகளை உள்ளூர்ப் பிள்ளைக்குச் சொல்லித்தர நாம்தான் இருக்கிறோம்.

கொஞ்சம் வெளியே போக வசதிப்படுபவர்களுக்கு ஒட்டப்பிடாரம் இருக்கிறது. வ.உ.சி. பிறந்த ஊரில் அவர் நினைவில்லம் இருக்கிறது. பக்கத்திலேயே பாஞ்சாலங்குறிச்சி. 1906-இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் எடுத்தார். வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிராக ஒரு வியாபாரி அன்றைய 2 லட்சத்தைப் போட்டார் என்ற செய்தியை வணிகர் வீட்டுப் பிள்ளை பாடப்புத்தகத்தில் பரீட்சைக்காக மட்டும் படித்தால் போதாது. 2011 முதல் நம் துறைமுகமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆண்டில் ஒரு நாளாவது துறைமுகத்தின் உள்ளே வணிகர் குடும்பங்களை அழைத்துச் சென்று காட்டும்படி துறைமுக நிர்வாகத்துக்குச் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். சரக்கு கப்பலிலிருந்து இறங்கி நம் கோடவுனுக்கு வரும் வழியைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

தெற்கே போனால் திருச்செந்தூர், நாழிக்கிணறு. அதையும் தாண்டினால் மணப்பாட்டுக் குன்றும் அதன்மேல் சிலுவைக் கோயிலும். சிவப்பு மணல் மேடுகளாகக் கிடக்கும் தேரிக்காட்டை வெளியூர்க்காரர்கள் படம் பிடிக்க வருகிறார்கள். நாம் போவதில்லை. ஆத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொள்முதலுக்குப் போகிறவர்கள் பக்கத்திலுள்ள கொற்கையை எட்டிப் பார்த்ததுண்டா? பாண்டியர் காலத்தில் முத்து விற்ற துறைமுகம் அது. இன்று கடல் அங்கிருந்து சில கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது.

தீவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. "நம் கண்ணெதிரே தீவுகள் இருக்கின்றன, படகு பிடித்துப் போனால் என்ன?" என்று சில அன்பர்கள் கேட்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. வான் தீவு, காசுவார், காரியாச்சல்லி, விலாங்குச்சல்லி ஆகியவை நம் பகுதியைச் சேர்ந்தவை. வனத்துறை அனுமதியின்றி அங்கே இறங்கக் கூடாது. இந்தத் தடை சரியானது என்றே நாம் கருதுகிறோம். விலாங்குச்சல்லி ஏற்கனவே கடலுக்குள் போய்விட்டது. வான் தீவும் வெகுவாகச் சுருங்கி, செயற்கைத் திட்டுகளைக் கடலில் இறக்கிக் காக்க வேண்டிய நிலை வந்தது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஆண்டுக்கணக்கில் பவளப்பாறையை வெட்டி எடுத்தது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அதை வெட்டியவர் மட்டும் குற்றவாளி அல்ல, வாங்கி விற்ற வணிகமும் அதில் உண்டு. எனவே தீவுகளைக் கரையிலிருந்து பார்ப்போம். மக்கள் சுற்றிப் பார்க்க முயல் தீவு போதும். பெயர் தீவு என்றாலும் அது கரையோடு சேர்ந்ததுதான்.

இனி, கடையை யார் பார்ப்பது என்ற கேள்வி. ஒரு கடைக்காரர் மட்டும் ஞாயிறு மதியம் ஷட்டரை இறக்கினால் எதிர்க்கடைக்கு வியாபாரம் போய்விடும். அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் யாரும் இறக்குவதில்லை. எதிர்க்கடைக்காரரும் இதே பயத்தில்தான் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேரும் ஈ ஓட்டிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பதில் யாருக்கு என்ன லாபம்? தனியாக முடியாததைச் சேர்ந்து செய்வதற்குத்தான் சங்கம். மே 5 வணிகர் தினத்துக்கு எல்லோரும் சேர்ந்து அடைக்கிறோம். எந்த வாடிக்கையாளரும் அதனால் நம்மை விட்டுப் போய்விடவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கடைக்குள் தண்ணீர் நின்று நாள்கணக்கில் அடைத்துக் கிடந்தோம். தண்ணீர் வடிந்ததும் பற்று நோட்டோடு அதே முகங்கள்தான் வந்து நின்றன.

மாதத்தில் ஒரு ஞாயிறு, மதியம் 2 மணிக்கு மேல், பஜார் முழுவதும் அடைப்பு என்று முடிவு செய்யலாம். மருந்துக் கடை, பால் கடைகளுக்கு விலக்கு. முழு ஊருக்கும் ஒரே நாளில் முடியாதென்றால் தெருவாரியாக முறை வைக்கலாம். மொத்த வியாபாரிகள் முதலில் ஒப்புக்கொண்டால் சில்லறைக் கடைகள் தானாகவே வரும் என்பது நம் அனுபவம்.

கடைப் பையன்களையும் அவர்கள் குடும்பத்தையும் விட்டுவிடக் கூடாது. ஊழியருக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை என்பது 1947-ஆம் ஆண்டின் கடைகள் சட்டத்திலேயே இருக்கிறது. எத்தனை கடைகளில் அது ஒழுங்காக நடக்கிறது என்பது அவரவர் மனசாட்சிக்குத் தெரியும். முதலாளி வீட்டுச் சோறும் ஊழியர் வீட்டுச் சோறும் ஒரே பாயில் பிரிக்கப்பட்டால் நல்லதே.

இதை வெறும் உல்லாசப் பயணம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். வியாபாரத்துக்கு வர மாட்டேன் என்கிற பிள்ளைகள் நம் வீடுகளில் பெருகிவருகிறார்கள். படித்துவிட்டுச் சென்னை, பெங்களூரு என்று போய்விடுகிறார்கள். செல்போனில் ஆர்டர் கொடுத்து வீட்டுக்கே சரக்கு வரவழைக்கும் காலத்தில் கடைக்கு எதிர்காலமில்லை என்று அவர்கள் சொல்வது ஒரு காரணம். அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. காலை 7 மணிக்குப் போய் இரவு 10 மணிக்கு வரும் அப்பாவைத் தூக்கத்தில்தான் பார்த்து வளர்ந்தார்கள். அந்த வாழ்க்கையை ஏன் ஏற்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். 50 ஆண்டு நடந்த கடைகள் இப்படிக் கைமாறிப் போவதை நாம் பார்க்கிறோம்.

கடற்கரையில் பெண்களுக்குக் கழிப்பறையும் குடிதண்ணீரும் விளக்கும் போதிய அளவில் இல்லையென்ற குறையை நம் வீட்டுப் பெண்களே சொல்கிறார்கள். அதை மாநகராட்சியிடம் எடுத்துச் செல்வதோடு, குடிநீர்த் தொட்டி ஒன்றிரண்டு அமைக்கும் செலவைச் சங்கம் ஏற்கலாம். கூடவே இன்னொன்று. 2019 ஜனவரி முதல் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பை மணலில் புதைந்து கிடக்கிறது. அது எந்தக் கடையில் கொடுத்த பை என்று யாரும் கேட்காததற்குள் நாம் நிறுத்திக்கொள்வது நல்லது.

எந்த ஞாயிறு என்பதை அடுத்த பொதுக்குழுவில் பேசி முடிவு செய்யலாம். உறுப்பினர்கள் வருவதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வர வேண்டுகிறோம். முதல் ஞாயிறு சம்பள வியாபாரம், கடைசி ஞாயிறு சரக்கு இறங்கும் நாள் என்று நாம் சொல்வோம். திங்கட்கிழமை பரீட்சை என்று பிள்ளைகள் சொல்வார்கள். இவற்றுக்கு நடுவில் ஒரு ஞாயிறு கிடைக்காமலா போகும்?