வெளுத்ததெல்லாம் குஷ்டமா?

பெண் பார்த்தாகிவிட்டது. தாம்பூலம் மாற்ற நாளும் குறித்தாகிவிட்டது. அப்போது யாரோ ஒருவர், "பெண்ணின் காலில் வெள்ளையாக ஏதோ இருக்கிறதாம்" என்று காதில் ஓதுகிறார். அவ்வளவுதான்! கல்யாணம் நின்றுவிடுகிறது.

அந்தப் பெண் செய்த குற்றம் என்ன?

தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்கள் சிலருக்கு அழிந்துபோகின்றன. அந்த இடம் பால்போல் வெளுத்துவிடுகிறது. இதுதான் வெண்புள்ளி. இது தொற்று நோய் அல்ல. தொட்டாலும் ஒட்டாது, சேர்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது. இதற்கு "வெண்குஷ்டம்" என்று பெயர் வைத்ததுதான் தவறு. குஷ்டம் பெயரில்தான் இருக்கிறது, உடம்பில் இல்லை.

வேறு வெளுப்புகளும் உண்டு.

வியர்வை மிகுந்த கோடைக் காலத்தில் மார்பிலும் முதுகிலும் கழுத்திலும் தேமல் வரும். லேசாகச் சுரண்டினால் மாவுபோல் உதிரும். இது ஒருவகைப் பூஞ்சை. பூசும் மருந்தில் போய்விடும். பழைய நிறம் திரும்பத்தான் சில மாதங்கள் ஆகும்.

குழந்தைகளின் கன்னத்தில் வெளிறிய திட்டு தெரிந்தால், "வயிற்றில் பூச்சி" என்பார்கள் பாட்டிமார்கள். பெரும்பாலும் அது தோலின் வறட்சிதான். பயப்பட வேண்டாம்.

அப்படியானால் எதைக் கண்டு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

உணர்ச்சி இல்லாத திட்டைக் கண்டு! வெளிறியோ சிவந்தோ இருக்கும். வலிக்காது, அரிக்காது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பஞ்சால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தொட்டது தெரியவில்லை என்றால், அது தொழுநோயாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். தொட்டது தெரிந்தாலும், திட்டு மறையாவிட்டால் காட்டுவதே நல்லது.

தொழுநோய் பாவத்தின் பலன் அல்ல. ஒரு கிருமியால் வருவது. நார்வே நாட்டு டாக்டர் ஹான்சென் 1873-ம் ஆண்டிலேயே அந்தக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். இன்று இதற்கு நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். 6 மாதமோ 12 மாதமோ விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரவுவதும் நின்றுவிடும்.

மறைத்தால்தான் ஆபத்து. நரம்பு கெடும். கைவிரல் மடங்கும். மரத்துப்போன காலில் முள் குத்தினாலும் தெரியாது, புண் ஆறாது.

ஏன் மறைக்கிறார்கள்? நாம் ஒதுக்கிவிடுவோம் என்ற பயத்தில்தான். வெண்புள்ளி உள்ள பெண்ணைத் தள்ளிவைக்கிற நம் வாய்தான், தொழுநோய் உள்ளவரையும் மருந்தை நாடவிடாமல் தடுக்கிறது.

தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்க முன்பு சட்டத்தில் இடம் இருந்தது. 2019-ம் ஆண்டில் பாராளுமன்றம் அதை நீக்கிவிட்டது.

சட்டம் மாறிவிட்டது. நம் மனம் மாற வேண்டாமா?