"வயசாச்சு"ன்னு விட்டுடாதீங்க!

வீட்டுப் பெரியவங்க, "கண்ணு மங்கலா இருக்கும்மா" என்றால், "வயசாச்சுல்ல, புரையா இருக்கும். அடுத்த முகாமில் காட்டிக்கலாம்" என்கிறோம். இந்தப் பதிலை நாம் மாற்றியே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

புரை மாசக்கணக்கில் மெதுவாக வளரும். ஆனால், நாலைந்து நாளில் பார்வை மங்கி, கண் சிவந்து வலித்து, கறுப்புப் பூச்சி பறக்கிற மாதிரி தெரிந்தால், விழித்திரையை வைரஸ் தாக்கியிருக்கலாம். அபூர்வமான நோய்தான். வந்துவிட்டால் சில வாரங்களிலேயே பார்வையைப் பறித்துவிடும். கவனிக்காவிட்டால் அடுத்த கண்ணுக்கும் பரவலாம்.

பெரும்பாலும் சின்ன வயசில் அம்மை போட்ட அதே கிருமிதான் இது. நரம்புக்குள் பல வருஷம் தூங்கிவிட்டு, முதுமையில் உடம்பின் எதிர்ப்பு சக்தி குறையும்போது விழித்துக்கொள்ளும். தோலில் வந்தால் அக்கி. தோலில் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் விழித்திரையிலும் வரலாம். நெற்றியிலோ மூக்கிலோ அக்கி வந்தால், காவி எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். 72 மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்தால்தான் நல்ல பலன்.

கண் சிவந்தால் மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கி விடுவதும் கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறையும். உள்ளே நோய் முற்றும்.

விழித்திரை டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே கூட்டிப் போங்கள். மருந்து விட்டு, கண் பாப்பாவை விரிய வைத்துப் பார்ப்பார்கள். மெல்லிய ஊசியால் கண்ணிலிருந்து துளி நீர் எடுத்து, 'பி.சி.ஆர்.' சோதனையில் எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பார்கள். முடிவு வரும்வரை காத்திராமல் சிகிச்சையை ஆரம்பித்துவிடுவார்கள். வழக்கமாக ஒரு வாரம், பத்து நாள் 'அசைக்ளோவிர்' டிரிப்ஸ். பிறகு பல வாரம் மாத்திரை. தேவைப்பட்டால் கண்ணிலேயே ஊசி. சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "இப்போ தெரியுதே" என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. சில மாதம் கழித்துக்கூட விழித்திரை பிரிந்து வரலாம் என்பதால், சொன்ன தேதியில் காட்ட வேண்டும்.

அக்கிக்குத் தடுப்பூசி 2023-ல் நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. ஐம்பது வயசு தாண்டியவர்களுக்கு இரண்டு தவணை. விலை அதிகம்தான், டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யலாம்.

மகனுக்குச் செலவு, மருமகளுக்குச் சிரமம் என்று பெரியவங்க பாதியைச் சொல்லாமலே விழுங்கிவிடுவார்கள். டம்ளருக்கு வெளியே காபி ஊற்றினால் கடிந்துகொள்ளாமல், என்னவென்று கேளுங்கள். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் தினசரி காலண்டரைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால், நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும்.

இதற்குக் காசு வேண்டாம், அரை நிமிஷம் போதும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?

- ஒரு வாசகி, திண்டுக்கல்