திருமங்கலத்தை ஏசுகிறவர்களுக்கு

சென்னையில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர் எந்த ஊர் என்று கேட்டார். மதுரைக்குப் பக்கத்துத் திருமங்கலம் என்றேன். "ஓ, அந்த ஃபார்முலா ஊரா? இந்தத் தடவை ஓட்டுக்கு எவ்வளவு?" என்றார். வங்கியில் பெரிய பதவியில் இருக்கிறவர். அதற்கு மேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சின்ன ஊர்க்காரன் காசைக் கண்டால் விழுந்துவிடுவான், இல்லையென்றால் சாதி பார்த்துக் குத்துவான் என்று படித்தவர்கள் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லித் திரிகிறார்கள். எத்தனை வருஷத்துக்கு இதைக் கேட்டுக்கொண்டிருப்பது?

2009 ஜனவரி இடைத்தேர்தலில் எங்கள் ஊரில் பணம் பாய்ந்தது உண்மை. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்குத் திருமங்கலம் ஃபார்முலா என்று பெயர் வந்ததும் அதனால்தான். அப்போது ஆளுங்கட்சியாக இருந்த தி.மு.க. 39,000 வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்ததும் உண்மை. தலைக்கு 5,000 ரூபாய் என்று அமெரிக்கத் தூதரகக் குறிப்பில் இருந்தது பத்திரிகையில் வந்து ஊர் மானமே போனது. சரி, 2011இல் என்ன நடந்தது? அந்த இடைத்தேர்தலில் தோற்ற அதே அ.தி.மு.க. வேட்பாளர் முத்துராமலிங்கத்தை ஜெயிக்க வைத்தது இதே ஊர். பணத்துக்கு விலைபோன ஊர் இரண்டே வருஷத்தில் இப்படித் திருப்பி அடிக்குமா? 2009ஐ மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் 2011 என்றதும் ஏன் வாயை மூடிக்கொள்கிறார்கள்?

இடைத்தேர்தல் கணக்கே வேறு. ஆட்சிக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கும்போது எதிர்க்கட்சிக்காரரை அனுப்பினால் தெருவுக்குத் தார் விழாது என்று எங்கள் ஊர்க் கிழவிக்கும் தெரியும். அவள் பணக் கவரை வாங்கியிருக்கலாம். ஓட்டை யோசித்துத்தான் போட்டாள். 2021இல் மாநிலமே தி.மு.க. பக்கம் சாய்ந்தபோதும் திருமங்கலம் அ.தி.மு.க.வின் உதயகுமாரைத்தான் அனுப்பியது. இந்த ஊர் தன் போக்கில் முடிவெடுக்கிற ஊர்.

பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டி 2017 ஏப்ரலில் தேர்தல் ஆணையம் இடைத்தேர்தலை ரத்து செய்தது ஆர்.கே. நகரில். அது சென்னை மாநகரத்துக்குள் இருக்கிறது. அதற்காகச் சென்னைக்காரர்கள் எல்லோரும் விலைபோனவர்கள் என்று யாராவது பேசினார்களா? 2021இல் சின்ன ஊரான பாலக்கோட்டில் 87 சதவீதம் பேர் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். சென்னை மாவட்டம் 60ஐக்கூடத் தொடவில்லை. பத்தில் நாலு பேர் சாவடிப் பக்கமே வராத மாவட்டத்தை வைத்துக்கொண்டு எங்களுக்கு ஜனநாயகப் பாடமா?

சாதியாம். 1967இல் காமராஜரை, சொந்தச் சாதி என்று பார்க்காமல், அவர் பிறந்த விருதுநகரே 1,285 வாக்குகளில் தோற்கடித்து, ஒரு மாணவர் தலைவரைச் சட்டசபைக்கு அனுப்பியது. சாதி பார்த்து வேட்பாளரைப் பொறுக்குவது தலைநகரில் உட்கார்ந்திருக்கும் கட்சித் தலைமைகள். இரண்டு பெரிய கட்சியும் ஒரே சாதி ஆளை நிறுத்திவிட்டு, வாக்காளன் சாதி பார்க்கிறான் என்று பழி போடுவது அயோக்கியத்தனம்.

எங்கள் ஊர் கேட்பது என்ன என்று யாருக்காவது அக்கறை உண்டா? ஊரை ஒட்டிக் கப்பலூரில் சுங்கச்சாவடியை நட்டுவைத்திருக்கிறார்கள். பக்கத்து மதுரைக்குப் போய் வருவதற்கு உள்ளூர்க்காரன் சண்டை போட வேண்டியிருக்கிறது. அதற்காக மக்கள் ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள், கடையடைத்தார்கள். அப்போது எட்டிப் பார்க்காத தொலைக்காட்சி அறிஞர்கள், தேர்தல் வந்தால் மட்டும் எங்கள் ஊர்ப் பெயரை இழுக்கிறார்கள்.

கவர் கொடுத்தவன் பெரிய மனுஷனாக உலவுகிறான், வாங்கிய ஏழையின் ஊருக்கு மட்டும் கெட்ட பெயர். நிருபர்களுக்கும் விவாதக்காரர்களுக்கும் ஒன்று கேட்கிறேன். இனி திருமங்கலம் ஃபார்முலா என்று எழுதினால், அடுத்த வரியிலேயே 2011 முடிவையும் எழுதுங்கள்.