பித்துக்கு எப்போதும் அண்டை மொழிதானா?

ஆளுமைப் பிளவையும் மனக்குலைவையும் பேசும் உளவியல் திகில் படங்களைத் தென்னிந்தியாவில் யார் பரிந்துரைத்தாலும், 'மணிச்சித்ரதாழ்' (1993) படமோ அதன் மறுஆக்கங்களில் ஒன்றோ அந்தப் பட்டியலில் தவறாமல் இடம்பெறுகிறது. பரிந்துரைப்போர் கதைத் திருப்பத்தைப் புகழ்கின்றனர். பிளவுண்ட மனம் எந்த மொழியில் பேசுகிறது என்று கேட்பதில்லை. அக்கேள்வியை முதலில் எழுப்பியிருக்க வேண்டிய ஊர்கள் சித்தூரும் திருப்பதியும்.

ஃபாசிலின் மலையாள மூலத்தில் கங்காவுக்குள் எழும் நாகவல்லி தஞ்சாவூர் நடனமாது; அவள் பேசுவது தமிழ். பி. வாசு கன்னடத்தில் எடுத்த 'ஆப்தமித்ரா'விலும் (2004) தமிழில் எடுத்த 'சந்திரமுகி'யிலும் (2005) அவள் தெலுங்கு பேசுகிறாள். பிரியதர்ஷனின் இந்திப் படமான 'பூல் புலையா'வில் (2007) அவள் வங்காளி. எல்லாவற்றையும்விட வியப்பானது, 'சந்திரமுகி'யின் தெலுங்கு வடிவம்: 'ரா ரா' என்ற தெலுங்குப் பாடல் அங்கே 'வாராய்' என்று தமிழாகிவிட்டது. ஒரே நடிகை, ஒரே முகம், ஒரே வெறி. மாநில எல்லையைக் கடந்ததும் பித்தின் மொழி மட்டும் மாறிவிடுகிறது. பெரும்பான்மையின் மொழி நலமுள்ள மனத்துக்கு, அண்டை மொழி நோய்க்கு என்பதே இப்படங்களின் இலக்கணம்.

ஆளுமை மாறியதைக் காதுக்கு உணர்த்தும் உத்தி மட்டுமே அது என்பர் ஆதரவாளர்கள். குரலாலும் உடல்மொழியாலும் உணர்த்த முடியாததா அது? நடனமாது அநீதிக்கு ஆளானவள் என்பதையும் படம் சொல்கிறதே என்பர். சொல்கிறது, ஆனால் ஒரு பொம்மையைப் பழிதீர்க்கச் செய்து, அவள் மொழியையும் நினைவையும் சேர்த்தே அகற்றிவிட்டு, அதற்குச் சிகிச்சை என்று பெயர் சூட்டுகிறது.

சித்தூர் மாவட்டம் 1911இல் உருவானது. 1960இல் திருத்தணி அதிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. எல்லைக்கோடு நகர்ந்தது, மொழிகள் நகரவில்லை. தாயிடம் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசுவோர் இன்றும் அங்கு வாழ்கின்றனர். ஒரே உடலில் இரு மொழிகள் குடியிருப்பது அவர்களுக்கு அன்றாடம். அதையே பேய்க்கும் நோய்க்கும் அடையாளமாக்கும் படத்தை உளவியலின் உச்சம் என்று வகுப்பறையில் போற்றுவது இருமடங்கு பிழை: இருமொழியாளரை அயலாராக்குகிறது, உண்மையிலேயே மனநோயுற்றவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லாமல் மந்திரவாதியைத் தேடும் வழக்கத்துக்குத் துணைபோகிறது.

பரிந்துரைக்கத் தக்க படங்களுக்குப் பஞ்சமில்லை. அடூர் கோபாலகிருஷ்ணனின் 'அனந்தரம்' (1987) ஒரே இளைஞன் தன் வாழ்க்கையை இருவிதமாகச் சொல்வதைக் காட்டி, எது மெய் என்று தீர்ப்புக் கூற மறுக்கிறது. சிபி மலயிலின் 'தனியாவர்த்தனம்' (1987) நலமாக இருக்கும் ஓர் ஆசிரியரைக் குடும்பச் சாபம் என்ற நம்பிக்கையே பித்தராக்குவதைக் காட்டுகிறது. சதோஷி கோனின் 'பெர்ஃபெக்ட் ப்ளூ' (1997) ரசிக வெறியின் நடுவே தன் முகத்தையே அடையாளம் காண முடியாமல் தவிக்கும் பெண்ணின் கதை. இம்மூன்றிலும் குலைவு அண்டை நாட்டிலிருந்து வருவதில்லை. வீட்டுக்குள்ளிருந்தும் ஊருக்குள்ளிருந்தும் வருகிறது. பார்வையாளர் பழிபோட ஓர் அயல்மொழி அங்கே கிடைப்பதில்லை. உளவியல் திகில் என்ற பெயருக்கு உரியது அந்தத் திகில்தான்.